மூலை வெளுத்த படங்கள்

சன்னாசி இறந்துவிட்டார் என்ற செய்தி இஸ்மாயில் வழியாக வந்தது. மாவட்ட நில அலுவலகத்தில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர் இஸ்மாயில். இப்போது ஜெராமில் மகன் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் வழக்கம்போல மலாயில் பேசினார். "எந்தச் சன்னாசி?" என்று நான் கேட்டேன். தோட்டப்புறங்களில் அந்தப் பெயர் பலருக்கு உண்டு. தவறான ஆளுக்காக வருந்திவிடக் கூடாது என்ற கவனம் எனக்கு எப்போதும் உண்டு. அதைக் கவனம் என்பதா பயம் என்பதா என்று என் மனைவி கேட்பாள். "வேறு யார்? நம் குப்பைச் சன்னாசிதான்" என்றார் இஸ்மாயில். பிறகு "நீ எழுது. உனக்குத்தான் எழுதத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு எழுதத் தெரியும் என்பதில் அவ்வளவு நிச்சயமில்லை. அலுவலகக் குறிப்புகள் எழுதிப் பழகிய கை. ஆனால் படம் வரைபவர்களான நம் வட்டத்து இதழைப் படிக்கும் உங்களில் மூத்தவர்கள் சன்னாசியை அறிவீர்கள். இளையவர்கள் அறியமாட்டீர்கள், கணினியில் ஒரு மாவட்டத்தின் படத்தை இன்னொரு மாவட்டத்துக்கு அனுப்புவது உங்களுக்கு மூச்சு விடுவதைப் போன்ற காரியம். எண்பதுகளில் கோலசிலாங்கூரில் அது எப்படி நடந்தது என்பதையும் அதில் இவர் யார் என்பதையும் தெரிந்த அளவுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஈஜோக் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் சன்னாசி படம் வரைபவராக இருந்தார். நான் அரசு வடிகால் அலுவலகத்தில் அதே வேலையில் இருந்தேன். இஸ்மாயில் நில அலுவலகத்தில். எங்கள் மூவரின் படங்களும் ஒரே மண்ணைத்தான் காட்டின, ஆனால் ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. என் படத்தில் ஆறும் பெரிய கால்வாய்களும் இருக்கும், தோட்டத்துக்குள் ஒன்றும் இருக்காது. இஸ்மாயில் படத்தில் எல்லைக் கற்கள் இருக்கும், மேடு பள்ளம் இருக்காது. தோட்டத்துப் படத்தில் ஒவ்வொரு சிறு வாய்க்காலும் இருக்கும், எல்லை வேலியோடு உலகம் முடிந்துவிடும். வேலிக்கு அப்பால் வெறும் தாள். மழைக்காலத்தில் ஒரு தோட்டம் மதகைத் திறந்தால் அடுத்த தோட்டத்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும்; அது எந்த வழியாக வந்தது என்று எந்தப் படமும் சொல்லாது. "தண்ணிக்கு இது எந்தத் தோட்டம்னு தெரியாது. நமக்குத்தான் தெரியும்" என்பார் சன்னாசி.

படங்களைக் கொடுத்து வாங்கினால் தீர்ந்துவிடும் காரியம்தான். ஆனால் தோட்டத்துப் படம் கம்பெனியின் சொத்து. வெளியே கொண்டுபோனால் வேலை போகும். அரசு அலுவலகங்களிலும் ஏறக்குறைய அதே விதி. இதற்குச் சன்னாசி கண்டுபிடித்த வழியைத்தான் இஸ்மாயில் 'குப்பை' என்ற பட்டப்பெயரால் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் பிரதி எடுப்பது இப்படி: மெல்லிய தாளில் வரைந்த மூலப்படத்தை மருந்து பூசிய தாளின்மேல் வைத்து விளக்கொளிக்குள் செலுத்த வேண்டும். பிறகு அமோனியா ஆவியில் காட்டினால் நீலக்கோடுகள் எழும். அறை முழுவதும் கண்ணைக் கரிக்கும் நெடி. மூலப்படம் சற்றே நகர்ந்து, அடித்தாளின் ஒரு மூலை மூடப்படாமல் போனால், ஒளி அந்த மூலையைத் தின்றுவிடும். அது வெள்ளையாக வெளிவரும். நல்ல பிரதிக்கு எண் உண்டு, கையொப்பம் உண்டு, பூட்டும் உண்டு. கெட்ட பிரதிக்கு எதுவும் இல்லை. அலமாரியில் விரிக்கலாம், சாப்பாடு பொட்டலம் கட்டலாம், குப்பையில் போடலாம். ஆகவே சன்னாசி வேண்டுமென்றே ஒரு மூலையைக் கெடுத்தார். எங்களையும் கெடுக்கச் சொன்னார். மூலை வெளுத்த பிரதி யாருடைய சொத்தும் அல்ல.

மாதம் ஒருமுறை கோலசிலாங்கூர்ச் சந்தைக்குப் பின்னால் இருந்த சீனர் கோப்பிக் கடையில் எங்கள் குப்பைக் கூட்டம் நடக்கும். மற்றத் தோட்டங்களில் படம் வரைபவர்களும், அடுத்த மாவட்டமான சபாக்கிலிருந்துகூட ஓரிருவரும் வருவார்கள். படச்சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் உள்ளே நுழையும் முன்பே சன்னாசியின் குரல் வரும். என் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது என்பதால் அவருக்கு நான் சிலோன்காரர்.

"என்னா சிலோன்காரரே, இன்னிக்கு நல்ல குப்பையா, கெட்ட குப்பையா?"

"கால்வாய் மட்டங்கள் கொண்டந்திருக்கிறன். மூலை கொஞ்சம் கூட வெளுத்திட்டுது."

"கொஞ்சமா? பாதி ஆத்தையே காணோம்! நாளைக்கு மீன் பிடிக்கிறவன் எங்க போயி வலை போடுவான்?" பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொல்வார்: "இவரு அப்பா தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி. எங்க அப்பா காலையில அஞ்சு நிமிசம் பிந்திப் போனா அரைநாள் சம்பளத்த வெட்டிடுவாரு. இப்ப மகன் ஆத்த வெட்டுறாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க முயல்வேன். ஆனால் கண் வாசலில் இருக்கும். "பிடிபட்டால் என்ன செய்யிறது, சன்னாசி?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன்.

"குப்பையை யாரு பிடிப்பா லா? தே ஓ ஆறுது, குடிங்க" என்று பாலில்லாத தேநீரை என் பக்கம் தள்ளுவார்.

இப்படிச் சேர்ந்த படங்களை ஒன்றாக இணைத்து ஆற்றின் இரு கரைக்கும் ஒரே படம் வரையும் வேலையைச் சன்னாசி எடுத்துக்கொண்டார். எங்களில் அவர் கைதான் தேர்ந்த கை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கூடத்தில் தாளை விரித்துப் படுத்துக்கொண்டே வரைவார். அவர் மனைவி அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு தாளும் ஒவ்வோர் அளவில் இருந்தது. ஒருவர் அடிக்கணக்கு, ஒருவர் மீட்டர். அவற்றையெல்லாம் ஒன்றாக்கி, தாளும் தாளும் சேரும் இடம் தெரியாமல் கோடுகளை ஓடவிட்டார். வெளுத்த மூலைகளுக்குள் தெரிந்ததை நிரப்பினார். தெரியாத இடத்தில் பக்கத்துக் கோட்டை நீட்டி முடித்தார். வரைந்து முடித்ததும் பழைய பிரதிகளைக் குப்பையோடு எரித்துவிட்டார். அவற்றை வைத்திருப்பது ஆபத்து.

"தையல் தெரியுதா பாருங்க" என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. அவருக்கு அன்று இருந்த பெருமிதத்தை அதற்குப் பிறகு நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

அந்தப் படத்தின் பிரதி ஒன்று என் மேசையில் இருந்ததை எங்கள் பொறியாளர் பார்த்தார். அவர் ஒரு மலாய் இளைஞர், சுறுசுறுப்பானவர், இப்படி ஒரு படம் இல்லையே என்று பல மாதங்களாகத் தவித்துக்கொண்டிருந்தவர். எங்கிருந்து வந்தது என்றார். தோட்டத்துக்காரர்கள் உதவினார்கள் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அந்த ஆண்டு மழையில் ஆற்றங்கரை வயல்கள் மூழ்கியிருந்தன. புதிதாகக் கரை கட்டி, மிஞ்சும் வெள்ளத்தை ஒரு தாழ்ந்த நிலத்தில் தேக்கி வைப்பது என்று திட்டம். அந்த நிலத்தை அவர் படத்திலிருந்தே தேர்ந்தெடுத்தார். ஆற்றுக்கும், சன்னாசியின் தோட்டத்தை அடுத்த தோட்டத்துக்கும் இடையில் ஒரு துண்டு. படத்தில் அங்கே வாய்க்கால் இல்லை, பாதை இல்லை, எதுவுமே இல்லை. விரைவில் அங்கே சிவப்புத்தலை அளவுக்கட்டைகள் நடப்பட்டன.

அங்கே வீடுகள் இருக்கின்றன என்று யாரோ சொல்லக் கேட்டுச் சன்னாசி என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். செம்மண் பாதையின் முடிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் இரண்டு வரிசையாக நின்றன. தகரக் கூரைகளும் முருங்கை மரங்களும் கோழிக்கூண்டுகளும் ஒரு சின்ன முனியாண்டி கோயிலும் இருந்தன. கட்டைகள் இவற்றுக்கு நடுவாகப் போயின. ஒரு கட்டையிலிருந்து வீட்டுத் தூணுக்குக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து அஞ்சலை என்ற பெண்மணி இறங்கி வந்தார்; தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர்.

"யாருய்யா நீங்க? கட்டைய பிடுங்க வந்தீங்களா, இன்னும் நட வந்தீங்களா?"

"பாக்க வந்தோம்க்கா" என்றார் சன்னாசி.

"நீங்களாச்சும் பாருங்க. நட்டவன் பாக்கவே இல்ல. கையில படம் வச்சிருந்தான். இங்க வீடு இருக்கேப்பான்னேன். படத்தைப் பாத்துட்டு, இல்லையேங்கிறான். என் வாசல்ல நின்னுக்கிட்டு, என்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, வீடு இல்லைங்கிறான்!"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. "தண்ணி விடப் போறாங்களாமே. எங்களை எங்க போகச் சொல்றாங்க? வேலை வாங்குற மண்டோர கேட்டா தெரியாதுங்கிறாரு. மானேஜர் வெளியூராம். யாரைத்தான்யா கேக்கிறது?"

சன்னாசி பையிலிருந்து தம் படத்தை எடுத்து அந்தத் துண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: "இது வெளுத்த மூலைங்க. பக்கத்துத் தோட்டத்துல இருந்து வந்த தாளு. அங்க படம் வரைஞ்சவன் மாத்தலாகி ஜொகூருக்குப் போயிட்டான், அப்பறமா கேக்கலாம்னு இருந்தேன். ஓரத்துக் கோட்ட நீட்டி மூடிட்டேன்."

அந்தத் தோட்டத்துக்காரர் ஏன் அந்த மூலையைக் கெடுத்தார் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. வடிகால் அலுவலகத்துக்கு வாய்க்கால்தான் வேண்டும், லயம் எதற்கு என்று நினைத்திருப்பார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் மூலையைத் தேர்ந்தெடுத்தோம். யாருக்கும் வேண்டியிராது என்று தோன்றிய பக்கத்தை.

திரும்பும் வழியில் ஒரு பாலத்தருகே வண்டியை நிறுத்தினார். நான் வரும் வழியெல்லாம் ஒரு யோசனையை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்திருந்தேன். "சன்னாசி, நேரில போய்ப் பாத்தம், வீடுகள் இருக்கெண்டு பொறியாளரிட்ட நான் சொல்லுறன். கட்டையை மாத்திப்போடுவார். படம் எங்கயிருந்து வந்ததெண்டு சொல்லத் தேவையில்லைத்தானே?"

"இந்த மூலைக்கு அது போதும். மத்த மூலைங்களுக்கு?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"எல்லாத் தாளுலயும் ஒரு மூலைய நாமளே கொன்னுருக்கோம் சிலோன்காரரே. எது எதுன்னு இப்ப எனக்கே தெரியல. அவ்ளோ நல்லாத் தச்சிருக்கேன். அவரு இந்தப் படத்த வச்சு ஆறு நெடுகக் கரை கட்டப் போறாரு. இன்னும் எத்தன அஞ்சலை அதுக்குள்ள இருக்காங்களோ."

மறுநாள் காலை சன்னாசி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். பொறியாளரிடம் மலாயில், "துவான், இந்தப் படத்தை நம்ப வேண்டாம்" என்றார்.

"யார் வரைந்தது?"

"நான்."

"தாள்களை யார் கொடுத்தது?"

"குப்பைத்தொட்டி."

பொறியாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "மூன்று அலுவலகத்துக் குப்பைத்தொட்டியையும் நீ ஒருவனே கிளறினாயா?"

"அந்தப் பக்கம் போய்வருவதுண்டு, துவான்."

நான் வாயைத் திறந்தேன். சன்னாசி திரும்பாமலே தமிழில் சொன்னார்: "நீங்க சும்மா இருங்க கிராணி. ரெண்டு பேரும் போயிட்டா மூலையைத் தேடுறது யாரு?" பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். வணக்கம் சொன்னார் என்றேன்.

பிறகு சன்னாசி ஒரு பென்சில் கேட்டு வாங்கினார். மேசைமீது படத்தை விரித்து, எந்தத் தாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். எந்த மூலை வெளுத்தது என்று நினைவில்லாததால் எல்லாத் தாள்களின் நான்கு மூலைகளிலும் சாய்கோடு போட்டு, உள்ளே மலாயில் 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதினார். தையல் தெரியக் கூடாது என்று பாடுபட்டவர் ஒவ்வொரு தையலையும் தாமே காட்டிக் கொடுத்தார். முடிந்தபோது படம் அம்மை கண்ட முகம்போல் இருந்தது.

அஞ்சலையின் வாசலில் இருந்த கட்டை அந்த வாரமே பிடுங்கப்பட்டது. வெள்ளத் தேக்கம் சன்னாசி வேலை பார்த்த தோட்டத்துப் பழைய நாற்றங்கால் நிலத்துக்கு மாறியது. அதற்காக எங்கள் அலுவலகம் தோட்டத்துக்கு எழுத வேண்டியிருந்தது, எழுதும்போது படத்தின் கதையும் வெளியே வந்தது. சன்னாசியை வேலையை விட்டு நீக்கவில்லை; வரைபட அறையிலிருந்து எடுத்து லோரி நிறுக்கும் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். அவர் படங்களை விற்றார் என்று அப்போது சிலர் பேசினார்கள். இன்றும் அப்படி நினைப்பவர்கள் இருந்தால் சொல்லிவிடுகிறேன்: அவர் கோப்பிக் கடையில் தே ஓவுக்குத் தாம்தான் காசு கொடுப்பார், மற்றவர்களைக் கொடுக்க விடமாட்டார். அதற்குமேல் அந்தக் கூட்டத்தில் பணம் கைமாறியதே இல்லை.

சாய்கோடு போட்ட மூலைகளை நிரப்ப முழுப்படங்கள் வேண்டும் என்று பொறியாளர் எல்லாத் தோட்டங்களுக்கும் முறைப்படி கேட்டார். தங்கள் லயமும் நாளை இல்லாமல் போகலாம் என்ற எண்ணமோ, வெள்ளம் தங்கள் பக்கம் திரும்பலாம் என்ற கவலையோ, ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. மூலை கெடாத, முத்திரை குத்திய படங்கள் மேசைக்கு வந்தன. தோட்டங்கள், நில அலுவலகம், வடிகால், பிறகு சபாக் பக்கத்து ஆட்கள் என்று வட்டம் பெருகியது. எண்பதுகளின் கடைசியில் கணினி வந்தபோது இந்தப் படங்களைத்தான் முதலில் அதற்குள் ஏற்றினோம். ஒவ்வொரு தாளோடும் யார் அளந்தது, எப்போது அளந்தது, எந்தப் பகுதி பார்க்கப்படவில்லை என்ற குறிப்பும் போக வேண்டும் என்று அப்போதே முடிவாயிற்று. நீங்கள் மெட்டாடேட்டா என்கிறீர்கள். எங்களுக்கு அது சன்னாசியின் பென்சில் கோடு. அந்தக் கூட்டங்களுக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. நிறுக்கும் நிலையத்து ஆளை அழைக்க அலுவலக முறையில் வழி இல்லை.

ஒருமுறை அவரை அங்கே போய்ப் பார்த்தேன். பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று மேடையில் ஏறி நின்றது. எடையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினார்.

"கூட்டம் எப்படிப் போகுது சிலோன்காரரே?"

"நல்லாப் போகுது. தேத்தண்ணி, பிஸ்கட் எல்லாம் குடுக்கினம்."

"குப்பை இல்லாத கூட்டத்துல என்னா பேசுவீங்க?" லோரிக்காரருக்குக் கை காட்டிவிட்டு, "மூலையெல்லாம் கிடைச்சுதா?" என்றார்.

"அநேகமா எல்லாம் வந்திட்டுது. சிலது மட்டும் இருக்கு."

"சிலதுன்னு சொல்லாதீங்க லா. எதுன்னு சொல்லுங்க. சிலதுன்னா மறந்துடுவாங்க."

அவர் பேச்சில் கோபம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும்.

சன்னாசியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு வேலைமுறைதான். ஓய்வு பெறும்வரை என் கையை விட்டுப் போன எந்தப் படத்திலும் வெறும் வெள்ளை இடம் இருந்ததில்லை. பார்த்ததை வரைவேன், பார்க்காத இடத்தில் பார்க்கவில்லை என்று எழுதுவேன். இயல்பாகவே துணிச்சல் இல்லாத எனக்கு, தெரியாது என்று எழுதிக் கொடுக்கும் அளவுக்குத் துணிவு வந்தது அவரால்.

ஆகவே இந்த அஞ்சலியையும் தையல் தெரியாமல் முடிக்க எனக்கு விருப்பமில்லை. அவருடைய பிள்ளைப் பருவம் எனக்குத் தெரியாது. எந்த லயத்தில் பிறந்தார் என்று நான் கேட்டதில்லை. நிறுக்கும் நிலையத்தில் அவர் கழித்த ஆண்டுகளை, அந்த ஒரு நாள் தவிர, நான் பார்க்கவில்லை. பென்சிலை எங்களிடம் திருப்பிக் கொடுத்த அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. பிற்காலத்தில் வருந்தினாரா என்பதும் தெரியாது. அந்தப் பக்கங்களைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். எழுதி அனுப்புங்கள். இடம் விட்டு வைத்திருக்கிறேன்.